நூறு ரூபாயில் ஒன்றேகால் பைசா

மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால், வத்திராயிருப்புச் சாலை பிரிகிற இடம் கிருஷ்ணன்கோவில். 1984ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் இங்கேதான் இருக்கிறது. காது கேளாத, வாய் பேச இயலாத மாணவர்களுக்கென்று தனியாகப் பொறியியல் வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. அந்தக் குறைவான சிலவற்றில் இதுவும் ஒன்று. கணக்கையும் கணினிப் பாடத்தையும் சைகையில் கற்றுத்தர ஆள் இருக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரில், சைகையில் மட்டுமே மனம்விட்டுப் பேசக்கூடிய ஒருவருக்கு மனம் சரியில்லாமல் போனால், அவர் சொல்வதை அவர் மொழியிலேயே கேட்டு வைத்தியம் பார்க்க என்ன செலவாகும்? வீட்டுக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு? ரூபாய் பைசாவில் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் தலைக்கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். அவர்களில் செவித்திறன் குறைந்தவர்கள் 2,20,241. பேச்சுத்திறன் குறைந்தவர்கள் என்று தனியாக 80,077. மாநிலத்தின் மக்கள்தொகை அப்போது 7,21,47,030. ஆக, ஆயிரம் பேரில் மூன்று பேருக்குக் காது கேட்பதில் குறை. இதே விகிதத்தை 19,42,288 பேர் வாழ்ந்த விருதுநகர் மாவட்டத்துக்குப் போட்டால் சுமார் 5,930 பேர் வருகிறார்கள். வயதான பிறகு காது மந்தமானவர்களும் இதில் உண்டு. அவர்களுக்குப் பேச்சு மொழி இருக்கிறது. கொஞ்சம் சத்தமாக, நிதானமாகப் பேசினால் பெரும்பாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். பிறவியிலேயே கேட்காமல், சைகையே மொழியாக வளர்ந்தவர்கள் இந்த 5,930ல் ஒரு பகுதிதான். அதனால் எல்லோரையும் சேர்த்து ஒரு கணக்கும், மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொரு கணக்கும் போடுகிறேன்.

காதை அளப்பதில் அரசிடம் குறை சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் அவர் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். ஒவ்வொரு காதையும் 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் தனித்தனியாகச் சோதித்து, சராசரி எடுத்து, விழுக்காடு போட்டு, அடையாள அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். காது எவ்வளவு கேட்காது என்பது அட்டையில் இருக்கிறது. அந்த மனிதர் எந்த மொழியில் பேசுவார் என்பது இல்லை. மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடுகிறவருக்கு உடனே தெரியவேண்டியது இரண்டாவதுதான்.

அடுத்து மனநலக் கணக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16ல் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள், 34,802 பெரியவர்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருந்தது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள், நோய்க்குத் தக்கபடி, 70 முதல் 92 விழுக்காடு. காது கேட்கிற, வாய்விட்டுப் பேசுகிற பொதுமக்களின் நிலைமையே இது.

அந்த 10.6ஐ 5,930க்குப் போட்டால் ஏறத்தாழ 630 பேர். தோராயக் கணக்குதான்; ஆனால் கூட்டிச் சொன்ன கணக்கு இல்லை. ஆஸ்திரியாவின் யோஹானஸ் ஃபெல்லிங்கரும் சக ஆய்வாளர்களும் 2012ல் லான்செட் இதழில் உலக ஆய்வுகளைத் தொகுத்தபோது, காது கேளாதவர்களிடம் மனநலச் சிக்கல் பொதுமக்களைவிடக் கூடுதலாக இருப்பதையும், வைத்தியம் அவர்களை எட்டுவது குறைவாக இருப்பதையும் காட்டினார்கள். பிரிட்டன் அரசின் 2005ஆம் ஆண்டு ஆவணம் காது கேளாத குழந்தைகளில் 40 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் என்றது. கேட்கும் குழந்தைகளில் அது 25. ஆகவே 630 என்பது கீழ்வரம்பு.

கூடுதலாக இருப்பதற்குக் காதின் மேல் பழி போட முடியாது. கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். பெற்றோருக்குச் சைகை தெரியாது. குழந்தைக்குப் பேச்சு எட்டாது. நடுவில் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் சில ஜாடைகள்: சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம், அடி. ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்கிறார்கள். அண்ணன் ஏதோ சொல்கிறான். அத்தை சிரிக்கிறாள். அப்பாவின் முகம் மாறுகிறது. அந்தப் பெண் அம்மாவின் கையைத் தொட்டு என்னவென்று கேட்கிறாள். “ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்” என்று அம்மா கையை ஆட்டுகிறாள். அந்த அப்புறம் வருவதில்லை. பிரியம் இல்லாமல் இல்லை, அம்மாவுக்கு அதைச் சொல்ல மொழி இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை என்று வைத்தால்கூட, ஐந்து வயதிலிருந்து இருபது வயதுக்குள் 16,425 முறை. வீட்டில் யாருக்கு என்ன நோய், எந்த நிலம் விற்றுப்போனது, தாத்தா எப்படிச் செத்தார், தனக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் எல்லாம் அந்த எண்ணுக்குள் போய்விடுகிறது.

பிறகு ஒரு விடுதி கிடைக்கிறது. தென் மாவட்டங்களில் இந்த மரபு பழையது. பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் தொடங்கிய பள்ளிக்கு 1897லிருந்து வரலாறு உண்டு. பள்ளி விடுதியிலோ கல்லூரி விடுதியிலோ, கூட உட்கார்ந்து சாப்பிடுகிற அத்தனை பேரும் கையால் பேசுகிறார்கள். சண்டை போடலாம், கேலி செய்யலாம், கிரிக்கெட் பற்றி விடிய விடிய வாதாடலாம். கிருஷ்ணன்கோவில் போன்ற இடத்தில் அது நான்கு வருடம். படிப்பு முடிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அதே சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்ப வேண்டும். வேலை உடனே கிடைத்தவர் தப்பித்தார். கிடைக்காமல் ஆறு மாதம், ஒரு வருடம் வீட்டில் இருக்கிறவரின் நிலைதான் எனக்குக் கவலை தருகிறது. மொழியே இல்லாமல் வளர்ந்தவரின் தனிமை ஒரு வகை. நான்கு வருடம் மொழிக்குள் வாழ்ந்துவிட்டு அதை விட்டு வெளியே வந்தவரின் தனிமை இன்னொரு வகை. இரண்டாவதற்கு எந்த மருத்துவக் குறிப்பிலும் தனியிடம் கிடையாது.

சரி, வீட்டில் கவனித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பையன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சாமானைத் தூக்கி எறிகிறான். எங்கே போவது? மருத்துவமனைக்குப் பஞ்சமான வட்டாரம் இல்லை இது. மாவட்ட மனநலத் திட்டம் 1996ல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சிக்கு. இன்று மாநிலம் முழுக்க இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் அரசு மருத்துவமனைகள். விருதுநகரில் 2022 ஜனவரி 12 முதல் அரசு மருத்துவக் கல்லூரி. மதுரையில் ராஜாஜி மருத்துவமனை, 1992லிருந்து மனநலத்துக்கென்றே இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, இவை போகத் தனியார் மருத்துவர்கள். மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஆனால் மனநல மருத்துவருக்கு ஸ்டெதாஸ்கோப்பு, எக்ஸ்ரே எல்லாமே பேச்சுதான். காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம், சர்க்கரையை ரத்தத்தில் பார்க்கலாம். மனச்சோர்வை நோயாளி சொல்லித்தான் அறிய முடியும். இந்தியாவில் ஆரம்ப சுகாதார மட்டத்தில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் தரும் நேரம் சராசரியாக சுமார் 2 நிமிடம் என்று 2017ல் வெளியான பன்னாட்டு ஒப்பீடு சொன்னது. மனநலப் பிரிவில் அதைவிடக் கூடும் என்றே வைப்போம். அந்த நேரத்தில் பேசுவது யார்? அம்மா. “ராத்திரி தூங்க மாட்டேங்கிறான் டாக்டர், கோபம் வருது, யாரையும் கிட்ட விட மாட்டேங்கிறான்.” மருத்துவர் மூன்றையும் எழுதிக்கொள்கிறார். மூன்றும் அம்மா பார்த்தவை. பையனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு வரிகூட அந்தச் சீட்டில் இல்லை. கோபத்தை அடக்கவும் தூக்கம் வரவும் மாத்திரை எழுதப்படுகிறது. கோபத்துக்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தால்? ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையைச் செய்தவர் கூட வந்திருக்கிற சித்தப்பாவாக இருந்தால்? மொழிபெயர்ப்பது குடும்பமே என்றால் அந்தச் செய்தி மருத்துவரிடம் போகவே போகாது.

எழுதிக் காட்டலாமே என்று பலரும் கேட்பார்கள். மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் படிவம் பி.ஹெச்.க்யூ-9. கேள்விகள் ஒன்பது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் கவனிப்பார். முதல் கேள்வி இதுதான்: கடந்த இரண்டு வாரத்தில், எதையும் செய்வதில் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் எத்தனை நாள் இருந்தீர்கள்? தமிழ் படித்தவருக்குச் சாதாரண வாக்கியம். சைகையில் வளர்ந்தவருக்குத் தமிழ் இரண்டாவது மொழி, அதுவும் காதில் ஒருமுறைகூட விழாத மொழி. வேற்றுமை உருபு, எச்சம், எதிர்மறை எல்லாம் பள்ளியில் மனப்பாடமாக வந்தவை. ‘இல்லாமல் எத்தனை நாள்’ என்பதில் ‘இல்லாமல்’ தவறிப்போனால் பதில் தலைகீழாகிவிடும். புரியாத படிவத்தில் பலர் செய்வதுபோல அவரும் எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிட்டு எழுந்தால், 27க்கு 0. கணக்குப்படி அவருக்கு நோயே இல்லை.

இதற்கு மாற்று சாத்தியம்தான். மான்செஸ்டரில், தாமே காது கேளாதவரான ஆய்வாளர் கேத்தரின் ரோஜர்ஸ், இந்தப் படிவத்தைப் பிரிட்டிஷ் சைகை மொழியில் வீடியோவாக்கி, காது கேளாதவர்களிடம் சோதித்து, சரியாக அளக்கிறதா என்று பார்த்து 2013ல் வெளியிட்டார். ஒன்பது கேள்விக்கு ஒன்பது வீடியோ. செலவு என்று பார்த்தால் இந்தக் கட்டுரையில் வரும் தொகைகளிலேயே மிகச் சிறியது அதுவாகத்தான் இருக்கும்.

நோய் இருப்பது தெரியாமல் போவது ஒரு பிழை. இல்லாத நோயை ஒட்டிவிடுவது அதைவிடப் பெரிய பிழை. சைகையில் வேகமும் முகபாவமும் இலக்கணத்தின் பகுதி. பழக்கமில்லாத கண்ணுக்கு அது கொந்தளிப்பாகத் தெரியும். அறுந்த வாக்கியங்களில் எழுதிய தாள், சிந்தனைக் குழப்பத்துக்குச் சான்றாகிவிடும். அமெரிக்காவில் வட கரோலினாவின் ஜூனியஸ் வில்சன் கதையை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1908ல் பிறந்தவர், காது கேளாத கறுப்பினத்தவர், இனம் பிரித்து நடத்திய கேளாதோர் பள்ளியில் படித்ததால் வெளியே பலருக்குப் புரியாத சைகை பேசியவர். 1925ல் ஒரு குற்றச்சாட்டில் பிடிபட்டு, அவர் பேசுவது விளங்காத விசாரணையில் பைத்தியம் என்று தீர்ப்பாகி, கோல்ட்ஸ்பரோவின் அரசு மனநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவருக்கு விதையடிக்கப்பட்டது. வழக்கு கைவிடப்பட்ட பிறகும் வெளியே விடவில்லை. 1994ல் மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு சிறு வீடு கொடுத்தார்கள். 2001ல் அங்கேயே இறந்தார். 76 ஆண்டுகள், 27,000க்கும் மேற்பட்ட நாட்கள். ஒரு மனிதரை அத்தனை நாள் வைத்துச் சோறு போட்டுக் காவல் காத்த செலவில், முதல் விசாரணைக்கு அவர் பள்ளித் தோழர் ஒருவரை ரயிலேற்றி அழைத்து வந்திருக்கலாம்.

அதே அமெரிக்காவில் 1955ல் நியூயார்க் மாநில மனநோய் மருத்துவ நிறுவனத்தில் காது கேளாதவர்களுக்கென்று தனி மனநலத் திட்டம் தொடங்கியது. அப்போது வில்சன் கோல்ட்ஸ்பரோவில் முப்பதாவது வருடத்தில் இருந்தார். ஓரிடத்தில் வசதி வருவதும் எல்லா இடத்துக்கும் அது போய்ச் சேர்வதும் ஒன்றல்ல. இங்கேயும் அதை நினைவில் வைத்தே கணக்குப் போட வேண்டும்.

இப்போது வீட்டுச் செலவு. தீவிரமாகிவிட்டால் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பெரிய டாக்டரைத் தேடி மதுரைக்கே போகும். கிருஷ்ணன்கோவிலிலிருந்து மதுரை 60 கிலோமீட்டரை ஒட்டி வரும். 2018 கட்டணப்படி விரைவுப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 75 பைசா. ஒருவருக்கு ஒரு வழிக்கு 45 ரூபாய். பேச ஆள் வேண்டும் என்பதால் நோயாளி தனியாகப் போக முடியாது, அம்மாவும் கூட. இரண்டு பேர், போக வர 180. இருவரின் ஒரு நாள் வேலை போகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கூலி 2025-26க்கு 336 ரூபாய் என்பதை அளவுகோலாக வைத்தால் 672. மில்லிலோ சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியிலோ வேலை என்றால் இது கூடலாம். மதுரைக்குள் போக வர 100, இருவருக்கும் சாப்பாடு, டீ 200 என்று வைப்போம். மொத்தம் 1,152 ரூபாய். சலுகை அட்டை இருந்தால் நோயாளியின் டிக்கெட்டில் கொஞ்சம் குறையும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகையைத் தமிழக அரசு 2023 ஜனவரியிலிருந்து 1,000லிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது. அந்த 1,500ல் 1,152 ஒரே நாளில் கரைகிறது, நான்கில் மூன்று பங்குக்கும் மேல். இவ்வளவு செலவழித்தும் அறைக்குள் பேசுவது அம்மாதான். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நாமே அமர்த்திக்கொண்டு போகலாம் என்றால், மணிக்கு 500 ரூபாய் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு 1,000 என்று வைத்தாலும் தொகை 2,152 ஆகிறது. உதவித்தொகை முழுவதும் போய், கையிலிருந்து 652 போட வேண்டும். மனச்சோர்வுக்கு ஒருமுறை போனால் தீராது. மாதம் ஒருமுறை என்றால் வருடத்துக்கு 25,824 ரூபாய். எந்தக் குடும்பம் இதைச் செய்யும்? முதல் மாதம் போவார்கள், இரண்டாம் மாதம் அதே மாத்திரையை மெடிக்கலில் வாங்கிக்கொள்வார்கள், மூன்றாம் மாதம் அதுவும் நின்றுபோகும்.

அதே நோயாளிக்கு, மனநல மருத்துவர் வரும் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையிலேயே சைகை தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று வைத்துப் பாருங்கள். டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்குக் கட்டணமில்லை. பேச அம்மா தேவையில்லை. அவர் வேலைக்குப் போகலாம். நோயாளிக்கு அரை நாள் கூலி 168 போகும், டீ வடையோடு சேர்த்து 200 ரூபாய் என்று முழுதாகவே வைக்கலாம். 1,152 எங்கே, 200 எங்கே! ஒரு தடவைக்கு 952 ரூபாய் மிச்சம். அதோடு, தன் நோயைத் தானே சொல்லித் தானே பதில் வாங்குகிறார்.

630 பேரும் மாதம் ஒருமுறை வந்தால் வருடத்துக்கு 7,560 தடவை. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம். சைகை மொழிபெயர்ப்பு உடம்பையும் மூளையையும் பிழிகிற வேலை, ஒருவர் நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்ய முடியாது. வருடத்துக்கு 250 நாள் என்றால் 1,250 மணி. ஆறு பேர் தேவை. மாதம் 30,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தால் ஆளுக்கு 3.6 லட்சம், ஆறு பேருக்கு 21.6 லட்சம். மக்கள் பக்கம் மிச்சமாவது 7,560 பெருக்கல் 952, சுமார் 72 லட்சம்.

மூன்றில் ஒரு பங்குதான் சைகைக்காரர்கள் என்றால் 210 பேர், 2,520 தடவை, இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள், 7.2 லட்சம் ரூபாய். மக்கள் பக்கம் மிச்சம் 24 லட்சம். எப்படிச் சுருக்கினாலும் அரசு போடும் ஒரு ரூபாய்க்கு ஏழை வீடுகளில் மூன்று ரூபாய்க்கு மேல் மிஞ்சுகிறது. இன்று அந்த மூன்று ரூபாயை யாரும் கேட்காமலே அந்த வீடுகள் கட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது கட்ட முடியாமல் வைத்தியத்தை விட்டுவிடுகின்றன.

மாவட்டத்துக்கு இருவர் என்ற கணக்கை 38 மாவட்டங்களுக்கும் விரித்தால் 76 பேர், 2 கோடியே 73 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. துறை செலவழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஒன்றேகால் பைசா. ஆறு பேர் வைத்தாலும் மூன்றே முக்கால் பைசா. ஒப்பிட இன்னொரு எண்: மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் 2014லிருந்து ஒரு குழந்தையின் காக்ளியர் கருவிக்கு 6 லட்சம் ரூபாய் வரை கொடுத்தது. அது நல்ல செலவு, தொடர வேண்டிய செலவு. ஒரு குழந்தையின் காதுக்கு 6 லட்சம் தரத் தயங்காத நாட்டில், கருவி பொருத்தும் வயதைத் தாண்டிவிட்ட ஒரு மாவட்டத்துப் பெரியவர்கள் அத்தனை பேரின் மனதுக்கு வருடம் 7.2 லட்சம் கேட்பது பேராசை ஆகாது.

சட்டத்தில் இதற்கு இடமில்லையா என்றால், தெளிவாகவே இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, நோயாளிக்குச் சிகிச்சை பற்றிய தகவலை அவருக்குப் புரியும் எளிய மொழியிலோ, சைகை மொழியிலோ, படங்கள் மூலமோ சொல்ல வேண்டும் என்கிறது. சைகை மொழி என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அவர் தம் முடிவைப் பேச்சால் மட்டுமல்லாமல் முகபாவத்தாலும் சைகையாலும் தெரிவிக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. 18ஆம் பிரிவு, மனநலச் சேவை போதிய அளவில், எட்டும் தூரத்தில், கட்டக்கூடிய செலவில், உடற்குறை உட்பட எந்தப் பாகுபாடும் இல்லாமல் கிடைக்க வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, அரசு, தனியார் மருத்துவமனைகளின் எல்லாப் பகுதியும் தடையின்றி அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவது இதன்படிதான். அந்தச் சாய்தளத்துக்கு ஒதுக்கீடு வந்துவிடுகிறது, ஒப்பந்ததாரர் வந்து கட்டிவிட்டுப் போகிறார். மொழிக்கான சாய்தளம் ஒரு மனிதர். மாதாமாதம் சம்பளம் கேட்பார். அதனால்தான் அது பின்தங்குகிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு ஆட்கள். டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015 செப்டம்பர் 28ல் தொடங்கியது. அது வெளியிட்ட அகராதி 2018ல் 3,000 சொற்கள், 2019ல் 6,000, 2021ல் 10,000 என்று வளர்ந்தது. மருத்துவச் சொற்களும் அதில் உண்டு. சொற்கள் வளர்ந்த வேகத்துக்கு ஆட்கள் வளரவில்லை. சான்று பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் நாடு முழுவதற்கும் சில நூறு பேர்தான். மாவட்டத்துக்கு ஆறு பேர் என்று தமிழ்நாட்டுக்கு 228 கேட்டால், நாட்டில் இருப்பவர்களில் பெரும்பகுதியை இங்கே கொண்டுவந்தாக வேண்டும். 76 பேரைத் திரட்டுவதே கடினம். பட்டயப் படிப்புக்கு இரண்டு ஆண்டு ஆகிறது.

எனவே முதல் சில வருடங்களுக்குத் திரை வழியாகத்தான் ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் காணொலி வழியாக வாதாடினார். மொழிபெயர்ப்பாளரும் திரையில் வந்தார், நீதிபதிகள் கேட்டுக்கொண்டார்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் நடக்க முடிந்தது, தாலுகா மருத்துவமனையில் ஒரு டேப்லட்டும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால் நடக்கும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10ல் 14416 என்ற எண்ணோடு, குரல்வழிச் சேவையாகப் பிறந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளைக் கண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் செயலியும் வீடியோ ஆலோசனையும் வந்தன. அதை முதலில் பெற்ற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வீடியோ வந்துவிட்ட பிறகு, அந்தப் பக்கம் சைகை தெரிந்த ஆலோசகரை 24 மணி நேரமும் உட்கார வைக்க மாநிலத்துக்கு எத்தனை பேர் வேண்டும்? மூன்று ஷிப்ட், ஷிப்டுக்கு இருவர், விடுப்புக்கு மாற்று ஆள் சேர்த்து எட்டுப் பேர். அதே 30,000 சம்பளத்தில் வருடம் 28.8 லட்சம்.

திரையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கே போகாமல், முறையான சைகை கற்காமல் வளர்ந்தவர்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் டெல்லி அகராதியின் சைகையைத் திரையில் காட்டினால் பாதி புரியாது. எதிரே உட்கார்ந்து, படம் வரைந்து, நடித்துக் காட்டி, வீட்டு ஜாடையைப் பிடித்துப் பேச வேண்டும். இதில் கேட்கும் மொழிபெயர்ப்பாளரைவிடக் காது கேளாதவரே கெட்டிக்காரர். வாழ்நாள் முழுதும் அவர் அதைத்தான் செய்துவருகிறார்.

ரகசியமும் ஒரு பிரச்சினை. கேளாதோர் உலகம் சிறியது. ஒரு மாவட்டத்தில் சைகை தெரிந்த எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் பாடத்தை மொழிபெயர்க்கிறவரே ஆலோசனை அறையிலும் உட்கார்ந்தால், மாணவர் தம் காதல் தோல்வியையோ குடிப்பழக்கத்தையோ சொல்வாரா? நாளைக்கு அவர் முன்னால்தான் தேர்வு எழுத வேண்டும். ஆகவே மாணவருக்கு எந்த உறவும் இல்லாத, வேறு மாவட்டத்து மொழிபெயர்ப்பாளரைத் திரையில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். திரைக்கு உள்ள பெரிய பயன் என்று நான் நினைப்பது இதுதான். மிச்சமாகும் பஸ் கட்டணம் அதற்கு அடுத்துத்தான்.

கிருஷ்ணன்கோவிலுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. சைகையில் பட்டப்படிப்பு வரை முடித்த காது கேளாத இளைஞர்கள் இந்த ஊரிலிருந்து வெளியே போகிறார்கள். அவர்களில் சிலருக்கு உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுநிலைப் படிப்புக்கு அரசு இடமும் உதவித்தொகையும் கொடுத்தால், இரண்டு வருடத்தில் சைகையே தாய்மொழியான ஆலோசகர்கள் தயார். மொழிபெயர்ப்பாளர் நடுவில் வேண்டாம். ஒரு மணி நேரத்து ஆலோசனை ஒரு மணி நேர ஆலோசனையாகவே நடக்கும்.

விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கலாம். கேட்க வேண்டிய தொகை வருடத்துக்கு 7,20,000 ரூபாய். பணியிடம் இரண்டு: ஒருவர் மொழிபெயர்ப்பாளர், ஒருவர் காது கேளாத ஆலோசகர். அமர வேண்டிய இடம், மனநல மருத்துவர் வரும் நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும், மற்ற நாட்களில் வீடியோ. காட்ட வேண்டிய பிரிவுகள் 4, 18, 25. கூடவே, அடையாள அட்டையிலும் ஓ.பி. சீட்டிலும் ‘பேசும் மொழி’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அடுத்த வருடம் இந்தக் கணக்கைப் போடுகிறவர் மாநில விகிதத்தை வைத்துத் தோராயம் போட வேண்டியிராது.